பக்கத்துச் சீட்டு பெல்ட்

"அந்த பெல்ட்டை யாருக்கு மாட்டுற?"

நில்தா பட்டறை வாசலில் நின்று கேட்டாள். காருக்குள் குனிந்திருந்த நெஸ்தோர் நிமிரவே இல்லை.

"பார்த்தா தெரியலையா? பக்கத்துச் சீட்டுக்கு."

"அப்போ உனக்கு?"

"எனக்கு எதுக்கு? என் கையிலதான் ஸ்டியரிங் இருக்கே. அதைப் பிடிச்சுக்குவேன்."

நில்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் ரேஸ் கார்களில் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. போட்டிகள் பாம்பா சமவெளியின் ஊர்ச் சாலைகளில் நடந்தன. கார் உருண்டால் ஆள் வெளியே தெறித்து விழுவான், அவ்வளவுதான். வயலுக்கு மருந்து தெளிக்கும் பழைய ஒற்றையாள் விமானம் ஒன்றிலிருந்து இந்த ஒரே ஒரு பெல்ட்டை நெஸ்தோர் எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்திருந்தான். வாங்கியதைக் கொண்டுபோய் லீனோவுக்குக் கொடுக்கிறான்!

லீனோ அவனுடைய துணை ஆள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து எண்ணெய் அளவு காட்டும் முள்ளைப் பார்ப்பதும், டயர் வெடித்தால் மாற்றுவதும் அவன் வேலை.

"கார் கவிழ்ந்தா அவன் பிழைக்கணும், நீ சாகணும். நான் கறுப்பு உடுத்திக்கிட்டு விதவையா உட்காரணும். அப்படித்தானே?"

"ரேஸுக்கு முந்தின நாள் பேசுற பேச்சா இது? போ உள்ளே."

மூலையில் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த லீனோ மெல்ல, "அண்ணி, நான் வேணா..." என்று ஆரம்பித்தான். நெஸ்தோர் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். லீனோ மறுபடி குடுவைப் பக்கம் குனிந்துகொண்டான்.

இந்தப் பார்வைகள்தான் நில்தாவின் வயிற்றில் நெருப்பை வைத்தன. இரண்டு வருடங்களுக்கு முன்பு கார் கவிழ்ந்து, தோள் எலும்பு முறிந்து நெஸ்தோர் வீடு திரும்பியதிலிருந்து இப்படித்தான். இரண்டு பேரும் எப்போதும் குசுகுசு. அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஜெயித்த கோப்பைகளில் பாதி லீனோ வீட்டு அலமாரியில் இருந்தன. குடுவையை நீட்டினால்கூட முதலில் அவனுக்குத்தான்.

'வேறொரு பொம்பளைன்னா முடியைப் பிடிச்சு இழுத்திருப்பேன். இவனை என்ன செய்ய?' என்று புழுங்கினாள்.

மறுநாள் காலை. ஹூனின் என்ற ஊரின் சதுக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்களும் துணை ஆட்களும் கிளப்புக்குள் பெயர் கொடுத்துவிட்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நில்தா ஸ்பானரோடு காருக்குள் ஏறினாள். மெக்கானிக்கின் மகள், போல்ட்டைக் கழற்றுவது அவளுக்குப் புதிதல்ல.

"என்ன நில்தா, இன்னிக்கு நீதான் ஓட்டப் போறியா?" என்று ரொட்டிக்கடைக்காரர் சீண்டினார்.

"நான் ஓட்டினா உங்க கடை சுவர்தான் போகும்!"

கூட்டம் சிரித்தது. இரண்டு சீட்டுகளுக்கும் ஒரே மாதிரி இரும்புச் சட்டம். பக்கத்துச் சீட்டில் இருந்த பெல்ட்டைக் கழற்றி, ஓட்டுநர் சீட்டில் இறுக்கி மாட்டினாள்.

நெஸ்தோர் வந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இது... இது யாரு வேலை?"

"என் வேலைதான்." எல்லோரும் பார்க்க அவனை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, தானே பெல்ட்டைப் பூட்டி, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பெண்கள் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் படம் எடுத்தார்.

"லீனோ, ஸ்பானர் எங்கே?" நெஸ்தோர் பெல்ட்டின் போல்ட்டைத் தடவிப் பார்த்தான்.

"இனி நேரமில்லைப்பா. அடுத்து நம்ம கார்தான்" என்றான் லீனோ.

அவன் முகமும் செத்துப்போயிருந்தது. அதைப் பார்க்க நில்தாவுக்கு இனித்தது. 'பிடுங்கிட்டேன் பார்த்தியா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கொடி அசைந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் மறைந்தது.

மதியம் எல்லா வீட்டு ரேடியோவும் ரேஸைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று அறிவிப்பாளர் கத்தினார். சிவில்கோய் வளைவில் நெஸ்தோரின் கார் உருண்டுவிட்டது. ஒருவர் வெளியே தூக்கி எறியப்பட்டு அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பெல்ட் போட்டிருந்தவர் உள்ளேயே இருந்து உயிர் பிழைத்துவிட்டார்.

நில்தா நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். 'ஐயோ லீனோ' என்று வாய் முணுமுணுத்தது. ஆனால் அவள் கால்களுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்திருந்தது. ரொட்டிக்கடைக்காரரின் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"பெல்ட் போட்டிருந்தவர் எங்கே இருக்காரு? நான் அவர் பெண்சாதி!"

நர்ஸ் விழித்தாள். "பெண்சாதியா?" என்று கேட்டபடி, கடைசிக் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை மெல்ல விலக்கினாள்.

கட்டிலில் லீனோ கிடந்தான். வயிற்றின் குறுக்கே பெல்ட் இறுகிய தடம் கன்றிச் சிவந்திருந்தது.

"நீயா? ஓட்டுற சீட்டுக்கு நீ எப்படிடா வந்தே?"

லீனோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு விம்மினான்.

"ஊரைத் தாண்டினதும் நாங்க இடம் மாறிக்குவோம் அண்ணி. அந்த விபத்துக்கு அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவனுக்குக் கை நடுங்கும். ரெண்டு வருஷமா ஓட்டுறது நான்தான். அந்த பெல்ட்டை அவன் மாட்டினது எனக்காக இல்ல, அவனுக்காகத்தான்."