மறதிப் பரிசோதனை முகாம்

மலேசியாவின் கிள்ளான் நகர மண்டபத்தில் இலவச மறதிப் பரிசோதனை. முகாமைத் திறந்துவைக்க வேண்டிய ஒய்.பி., அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, இன்னும் வந்து சேரவில்லை.

“டாக்டர், டேடிக்கு முத்திப் போச்சு. ஆரம்பிக்காத கூட்டத்தை முடிஞ்சிருச்சுங்கிறாரு,” என்றாள் விவியன்.

“எப்பவோ முடிஞ்சிருச்சு லா!” என்றார் திமோத்தி. “‘அல்சைமரை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கணும், அடுத்த வருஷம் கிள்ளான்ல தனி கிளினிக்’னு ஒய்.பி. பேசுனாரு. கை தட்டுனோம், மீ கோரேங் சாப்பிட்டோம்.”

டாக்டர் பரிதாபமாகப் பார்த்தார். விவியனுக்குக் கண் கலங்கியது.

ஒருவழியாக ஒய்.பி. வந்து, மாலையோடு மைக்கைப் பிடித்தார்.

“அல்சைமரை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கணும். அடுத்த வருஷம் கிள்ளான்ல தனி கிளினிக்!”

மண்டபமே அதிர்ந்தது. விவியனும் உள்ளம் குளிர்ந்து கை தட்டினாள்.

“போன வருஷமும் இப்படித்தான் தட்டுன,” என்ற திமோத்தி, டாக்டரிடம் திரும்பினார்.

“அடுத்த நம்பரை என் மகளுக்குக் குடுங்க.”