பம்பருக்கு ஒரு கருப்பு முடிச்சு

ஸ்பாஞ்சைத் திருடுவது வெண்மதிதான். பாஞ்சாலிக்கு இனிமேல் சந்தேகமே இல்லை.

கடையில் ஸ்பாஞ்சு வெட்டுத்துண்டுகளைப் போட்டுவைக்கும் சாக்கு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. கூடவே ஒரு முழம் கருப்புக் கயிறும் காணோம். நேற்றுச் சாயங்காலம் பார்த்தால், புடைத்த பையோடு வெளியூர் பஸ்ஸில் ஏறுகிறாள். அவள் வூடு இருப்பதோ இங்கேயே, கடத்தூர் சந்தைக்குப் பின்னால். எங்கேயோ தலையணை தைக்கிறவனிடம் தள்ளுகிறாள், வேறென்ன?

பாஞ்சாலி வண்டி சீட்டு தைத்துத் தைத்தே சொந்தக் கடை போட்டவள். ரெக்சின் வியாபாரியிலிருந்து லாரி ஓனர் வரைக்கும் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவன் கிடையாது. அப்பேர்ப்பட்டவள், வெண்மதியும் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து செய்த ரோபோவுக்குச் சும்மாவே பம்பர் தைத்துத் தர ஒப்புக்கொண்டதுதான் அதிசயம்.

போட்டி சேலத்தில். ரோபோக்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு விளையாடுமாம். சுற்றிலும் மெத்தென்று பம்பர் கட்டாத ரோபோவைக் களத்துக்குள்ளேயே விடமாட்டார்களாம். சசிகலா டீச்சர் இதைச் சொன்னபோது, "முட்டுற மாட்டுக்குக் கொம்புல துணி சுத்தற மாதிரிங்களா?" என்றாள் பாஞ்சாலி. அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பலகைமேல் ஸ்பாஞ்சை ஒட்டி, சிவப்பு ரெக்சினை இழுத்துப் பிடித்து அடித்து, ரோபோவுக்கு மாட்டிப் பார்த்தார்கள். வெண்மதி கையில் இருந்த விசையைத் தொட்டாள். ஜன்னல் வெயிலில் ஸ்பாஞ்சுத் தூள் இலவம்பஞ்சாய் மிதந்துகொண்டிருக்க, அதற்கு நடுவில் ரோபோ மெல்ல ஒரு சுற்று வந்தது. அன்றைக்குத்தான் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி சுவரில் முட்டியது, திரும்பியது, மறுபடி முட்டியது. மிதிப்பதை மறந்து மிஷின்மேல் கையை வைத்தபடி பாஞ்சாலி பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று சீட்டு தைக்க வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை வந்தது. பம்பர் என்றால் திருஷ்டிக் கயிறு கட்டாமல் தன் கடையை விட்டுப் போகாது என்றாள் பாஞ்சாலி. எலுமிச்சம்பழம், மிளகாய், கருப்புக் கயிறு, மூன்றும் வேண்டும். பம்பரில் எதுவும் தொங்கக் கூடாது, விதி அப்படி என்றாள் வெண்மதி.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. கல்லடிக்கு ஸ்பாஞ்சு வெச்சாச்சு. கண்ணடிக்கு என்னாத்த வெச்சிருக்கற?"

பேரம் நீண்டது. பாஞ்சாலி எலுமிச்சம்பழத்தை விட்டுக்கொடுத்தாள். மிளகாயையும் விட்டுக்கொடுத்தாள். கயிற்றை மட்டும் விடவில்லை. கடைசியில், பம்பருக்கு அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு முடிச்சு என்று தீர்ந்தது. மூன்று சுற்று, ஒரு இழுப்பு. வெண்மதியைத்தான் போடச் சொன்னாள். ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களும் அதே போட்டிக்குப் போகிறார்களாம், வெட்டுத்துண்டு கிடைக்குமா என்றார்கள்.

"எங்க வண்டிய இடிக்கறதுக்கு எங்கிட்டயே சாமான் கேக்கறீங்களா? நல்லா இருக்குது நாயம்" என்று அவர்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி விரட்டினாள் பாஞ்சாலி. அவளைப் பொறுத்தவரை அது அதோடு முடிந்துபோன கதை.

இப்போது இந்தத் திருட்டு.

பஸ்ஸில் ஏறும்போதே பிடித்துக் கேட்டிருப்பாள். ஆனால் ரோபோவை ஓட்டுகிறவளே வெண்மதிதான். இப்போது வாயைத் திறந்தால் போட்டியே போச்சு. சேலம் போகிற வேனில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆட்டம் முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணுங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவைத்தாள். அத்தனை பேர் முன்னால் கேட்கிற கேள்வியில் இந்தப் பெண் இனி எந்தக் குழுவிலும் கால் வைக்கக் கூடாது. ஜன்னலோரம் வெண்மதி கண்ணை மூடி, விரல்களை மட்டும் காற்றில் அசைத்துக்கொண்டு வந்தாள்.

பெரிய மண்டபம். விளக்குகளை அணைத்துவிட்டுக் களத்தில் மட்டும் பால் மாதிரி வெளிச்சம் விட்டிருந்தார்கள். அதற்குள் பாஞ்சாலியின் சிவப்பு நீந்தி வந்தது. தான் தைத்த ஒன்று இப்படி மிதக்கும் என்று அவள் நினைத்ததில்லை. எதிரில் நீலத்துணி சுற்றிய ஒரு ரோபோ. பாப்பிரெட்டிப்பட்டி என்று மைக்கில் சொன்னார்கள்.

இரண்டும் மோதின. சத்தமே வரவில்லை. தூக்கத்தில் இரண்டு பிள்ளைகள் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

நீல ரோபோ விலகி, களத்து ஓரத்தில் போட்டிருந்த சரிவுப் பலகையில் ஏறியது. ஏறும்போது மூக்கைத் தூக்கியது.

பம்பருக்கு அடியில் ஒரு கருப்பு முடிச்சு.

மூன்று சுற்று, ஒரு இழுப்பு.

வாசலில் நின்ற இரண்டு முகங்களும் பாஞ்சாலிக்கு அப்போது ஞாபகம் வந்தன. கீழே வெண்மதி களத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிராளிக்கு ஸ்பாஞ்சு கொடுத்தது மட்டுமில்லை, கண்ணடியும் படக்கூடாது என்று கயிறும் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

பாஞ்சாலி எழுந்து நின்றாள். கை தட்டினாள். சிவப்பு தள்ளினாலும் தட்டினாள், நீலம் தள்ளினாலும் தட்டினாள்.

சசிகலா டீச்சர் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, ரெண்டு பக்கமும் தட்டறீங்க? ஆமா, என்னமோ சொல்லணும்னீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்றாள் பாஞ்சாலி. "ஓடற ரெண்டுமே நம்ம கடைச் சரக்குதான்னு சொல்ல வந்தேன்."