ஐம்பத்தெட்டாவது ஷாட்

ஐம்பத்தெட்டாவது கட்டத்தில் அவள் பென்சில் நின்றது.

திரையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். படத்தை நிறுத்தி வைத்திருந்ததால் சிரிப்பும் பாதியில் நின்றிருந்தது.

கல்லூரியில் எடிட்டிங் வகுப்பில் கொடுத்த வேலை. ஏதாவது ஒரு டிவி போட்டி நிகழ்ச்சியில் பத்து நிமிடம். ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு கட்டத்துக்குள் வரைய வேண்டும். யார் தெரிகிறார், கேமரா எங்கே இருக்கிறது, எத்தனை விநாடி.

மற்றவர்கள் போன வாரத்து நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டு பீரோவில் துணிக்கு அடியில் கிடந்த பழைய வீடியோ கேசட்டை எடுத்தாள். கரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வாங்கினாள்.

அவள் பிறப்பதற்கு ஆறு வருடம் முந்திய நிகழ்ச்சி. கணவனும் மனைவியும் ஜோடியாகக் கலந்துகொள்ளும் வினாடி வினா. மனைவி மேடையில் நின்று பதில் சொல்ல வேண்டும். கணவன் எதிரே தனி நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தலைக்குப் பின்னால் மதிப்பெண் பலகை. ஒரு கேள்விக்குப் பத்து.

அம்மா குணவதி பத்தாவது வரை படித்தவள். அப்பா தங்கவேல் ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார்.

ஒரு மாதம் அட்லஸை விரித்து வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். அடுப்படியில் நின்றபடி அம்மா ஒப்பித்தாளாம்.

மேடையில் நாலு கேள்விக்குச் சரியாகச் சொன்னாள். ஐந்தாவது, ஆஸ்திரேலியாவின் தலைநகரம்.

"சிட்னிங்க."

அடுத்த ஷாட்டில் அப்பா சிரித்தார். திரை முழுக்க அவர் முகம். வாய்கொள்ளாத சிரிப்பு.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்களாம். எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு, காலி தட்டோடு கதவோரம் நின்று அம்மாவும் பார்த்திருக்கிறாள்.

அதன்பிறகு அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை.

பாடத்தில் சந்தேகம் கேட்டுப் போனால், "எனக்கென்ன கண்ணு தெரியும், உங்கப்பாவக் கேளு" என்பாள். அட்லஸைத் தூக்கிக்கொண்டு அப்பாவே வந்து கேட்டாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. சாப்பாடு, துணி, கடைசியில் ஆஸ்பத்திரி, எல்லாம் குறைவில்லாமல் செய்தாள்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது.

அவர் காதோரம் தெரிந்த பலகையை வரையப் போனபோதுதான் அவள் எண்ணைப் பார்த்தாள்.

20.

நாலு கேள்வி முடிந்திருக்கிறது. நாற்பது இருக்க வேண்டும்.

பின்னால் ஓட்டினாள். அரங்கம் முழுதும் தெரியும் ஷாட்டில் நாற்பதுதான். முன்னால் ஓட்டினாள். அப்பா சிரிக்கும்போது மட்டும் இருபது.

ஓரிடத்தில் எடுத்த முகத்தை இன்னோரிடத்தில் ஒட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் அன்றைக்கு.

இன்னும் பின்னால் போனாள். இரண்டாவது கேள்வி. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் நதி ஒன்று.

"நர்மதைங்க."

பலகை இருபதாகிறது. அடுத்த ஷாட், கைதட்டும் கூட்டம். அங்கே அப்பாவைக் காட்டவே இல்லை.

"அம்மா, இங்க வாயேன்."

காய்ந்த துணிகளைத் தோளில் போட்டபடி அம்மா வந்தாள். திரையைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள்.

"அத எதுக்குக் கண்ணு போட்ட?"

"மொகத்தப் பாக்காத. பின்னால நம்பரப் பாரு."

இரண்டு தடவை ஓட்டிக் காட்டினாள். இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அம்மாவே கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

தோளில் இருந்த துணியை நாற்காலியில் வைத்தாள். ஒன்றை எடுத்து மடித்தாள். அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கே சொன்னாரு. நான் அப்பச் சிரிக்கவே இல்ல குணான்னு, சாமி படத்துமேல கைய வெச்சுச் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"அப்ப டிவி பொய் சொல்லுதான்னு கேட்டேன். மேடைல லைட்டு கண்ணக் கூசுச்சு, எதிர்ல உக்காந்திருந்த மனுசனே எனக்குத் தெரியல. டிவிலதான பாத்தேன்." மடித்த துணியை நீவிவிட்டாள். "அப்பறம் அவரும் சொல்றத விட்டுட்டாரு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"அப்ப எதுக்குத்தான் சிரிச்சாரு?" என்று கேட்டாள் அம்மா.

அவள் நர்மதையைப் போட்டாள். இருபத்துநாலு வயது அம்மா பதிலைச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது.

"இங்கயா?"

"இங்கதாம்மா. நீ சரியாச் சொன்னதுக்கு."

அம்மா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வரை" என்றாள்.

அவள் வரைந்தாள். மீசை, நெற்றி, சோடாபுட்டிக் கண்ணாடி. அம்மா தாளின்மேல் குனிந்திருந்தாள். மூச்சு அவள் கையில் பட்டது.

"பல்லு இன்னுங் கொஞ்சந் தெரியும்."

அழித்து வரைந்தாள்.

"ம். அவருதான்."

பிறகு அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"ஐயோ அம்மா, டிவில வந்தபடியேதான் இருக்கணும். மார்க் கொறச்சிருவாங்க."

"கொறச்சா கொறச்சுட்டுப் போறாங்க."

ஐம்பத்தெட்டாவது கட்டத்தை ஓரம் பிசகாமல் நறுக்கினாள். பக்கங்களைத் திருப்பி, கைதட்டும் கூட்டத்தைத் தேடிப் பிடித்தாள். பின்புறம் பசை தடவி அதன்மேல் ஒட்டினாள்.

பசை காயும்வரை கட்டைவிரலை எடுக்கவில்லை. காய்ந்த பிறகும்.