முத்துராஜ் குளித்துக்கொண்டிருக்கிறார்

கீரனூர் முத்துராஜைப் போல உழைக்கிற ஆள் ஈரேழு பதினாலு லோகத்திலும் கிடையாது. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆறு மாதமாக ஒருநாள் லீவு இல்லை, ஒரு தலைவலி இல்லை, மேலதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிற மணமேல்குடிக்காரர் அரவிந்த்குமார் கூப்பிட்டபோது, மனைவி பிரகதீஸ்வரிதான் போனை எடுத்தாள்.

“சார் எங்க மேடம்?”

“குளிக்கிறாருங்க.”

“நேத்தும் குளிச்சாரு, முந்தாநாளும் குளிச்சாரு. காவிரியே வத்திரும் போலருக்கே!”

அவள் சிரித்துவைத்தாள்.

“வீட்டுலேர்ந்து கம்பெனி கம்ப்யூட்டருக்குள்ள வர்ற பழைய வழி, அந்த வி.பி.என்.னை இன்னைக்கு அஞ்சு மணியோட மூடுறோம். அதுல பாஸ்வேர்டு போட்டாப் போதும், போடுறது யாருன்னு கேக்காது. இனிமே ஜீரோ டிரஸ்ட். அது யாரையும் நம்பாது. உள்ள வர்ற ஒவ்வொரு தடவையும் போன்ல மொகத்தக் காட்டணும்.”

“என் மொகம் ஆகாதுங்களா?”

“வேலைய ஒங்களுக்கா குடுத்திருக்கோம்? அஞ்சு மணிக்குள்ள சார் மொகம் பதியலேன்னா வேலை போயிரும் மேடம்.”

அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆறு மாதமாக அவர் பாஸ்வேர்டைப் போட்டு, அவர் வேலையைப் பிழையில்லாமல் செய்துவருவதும் பிரகதீஸ்வரிதான்.

போனோடு கூடத்துக்குப் போனாள். சுவரில் தொங்கிய முத்துராஜின் படத்துக்கு நேராக அதைப் பிடித்து, தாடையை மறைத்த சந்தன மாலையை மெல்ல விலக்கினாள்.

திரையில் பச்சை வட்டம் வந்தது. ‘முகம் சரி. இப்போது ஒருமுறை கண் சிமிட்டுங்கள்.’

ஆறு மாதமாக அவளும் அந்தப் படத்திடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.