முப்பது நிமிடம்

கொண்டுவந்த தண்ணீர் சித்தேரி மலைப் பாதையில் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. ரஞ்சித்குமார் ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பாட்டிலில் குளோரின் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"முப்பது நிமிஷம் ஆவணும். அதுவரைக்கும் வாய் வெக்கக் கூடாது."

"நாக்கு ஒட்டிக்கிச்சுண்ணா. மலையில எல்லாரும் அப்படியேதான குடிக்கிறாங்க?" என்றாள் தங்கை காவேரி.

"போன தடவ நானும் அப்படித்தான் குடிச்சேன். வயித்தால போயி, வனக்காவலர் வேலைக்கு நடைத் தேர்வு வெச்சப்ப பாதியில வுழுந்தேன். நாளன்னிக்கு மறுபடியும் நடக்கணும். என் வயசுக்கு இதான் கடைசி வாய்ப்பு."

அவன் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான்.

"டம்ளர எடு. ஐயய்யோ, புளிசோறு ஒட்டியிருக்குது பாரு! சுத்தம்னா என்னன்னே தெரியாதா உனக்கு?"

முப்பதாவது நிமிடம், ஈரம் சொட்ட அவள் நீட்டிய டம்ளரில் ஊற்றி மடமடவென்று குடித்தான்.

"அப்பாடா! இனிமே பயமில்ல."

"டம்ளரு சுத்தமா இருந்துச்சாண்ணா? நீ திட்டுனதுக்கு மூணு தடவ அலசினேன்."

"எதுல அலசின?"

காவேரி பெருமையோடு ஓடையைக் காட்டினாள்.