சலவைக்குப் போன குரல்

“எங்க அம்மாவோட குரல் இதுக்குள்ள இருக்குங்க. உலகத்துல வேற எங்கேயும் இல்லை.”

தபால்தலை அளவே இருந்த மெமரி கார்டை அவன் கண்ணாடி மேசைமேல் வைத்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அம்மா எப்ப தவறினாங்க?”

“ஐயய்யோ! அதோ உக்காந்திருக்காங்களே.”

சுவரோர நாற்காலியில், கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டிய அம்மாள் லேசாகச் சிரித்தாள். தொண்டையில் கட்டி என்று போனவளுக்குக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். தெருமுனையில் திரும்பும் பஸ்ஸை வாசலில் நின்றபடியே நிறுத்திய குரல் அது. இப்போது உதடு மட்டும்தான் அசையும்.

“ஆபரேஷனுக்கு முதல் நாள் சிநேகிதன்கிட்ட கேமரா இரவல் வாங்கி, அம்மாவைப் பேச வச்சுப் பதிவு பண்ணேன். பாதியில போன் வந்துடுச்சு, எங்கேயோ லிப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு. நான் லிப்ட் மெக்கானிக். பேசிட்டே இரும்மான்னு சொல்லிட்டு ஓடிட்டேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி அலைச்சல். போட்டுப் பார்க்க மனசே வரலை. பீரோவுல பூட்டியே வச்சிருந்தேன்.”

“இப்ப என்ன ஆச்சு?”

“காப்பி எடுக்கலாம்னு சட்டைப் பையில போட்டேன், மறந்துட்டேன். மகராசி அப்படியே வாஷிங் மெஷின்ல போட்டுட்டா.”

பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவளோடு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வைத்த தட்டை நகர்த்திவிட்டு, தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பழுது பார்ப்பவர் கார்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தண்ணி இதை ஒண்ணும் பண்ணாதுங்க. உள்ளே சுத்துற சாமான் எதுவும் கிடையாது. ஈரத்தோட கரண்ட் பட்டாத்தான் வம்பு. போன மாசம் நாய் மென்னு துப்பினதை ஒருத்தர் கொண்டுவந்தார். பல்லு பதிஞ்சிருந்துச்சு, ஆனா ஒரு படம்கூடப் போகலை. இது லேசுல சாகாது.”

“வெந்நீர்ல ரெண்டு தடவை ஓடுச்சே... அப்பவுமா?” என்றாள் மனைவி.

அவன் சட்டென்று திரும்பினான். “ரெண்டு தடவையா?”

“கறை போகலை,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பழுது பார்ப்பவர் பஞ்சில் ஏதோ திரவத்தைத் தொட்டு, கார்டின் பித்தளை நிறப் பற்களைத் துடைத்து, கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்தார். மறுபடி துடைத்தார்.

மனைவி மெல்ல அவன் கையைத் தொட்டாள். “விட்டுடுங்களேன். போனது போகட்டும்.”

“உனக்கென்ன, சொல்லுவ. உங்க அம்மா வாய் ஓயாம பேசிட்டிருக்காங்கல்ல?”

அவள் முகம் சுருங்கிப்போனது. அம்மாள் எழுந்து வந்து மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதடுகள் வேகவேகமாக அசைந்தன.

“புரியலம்மா. வீட்டுக்குப் போய் எழுதிக் காட்டு.” அவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

அவள் மறுபடி இழுத்தாள். “கொஞ்சம் சும்மா இரும்மா! உன் குரலைக் கேட்கத்தானே இந்தப் பாடு படறேன்?”

அம்மாளின் கை தானாகக் கீழே இறங்கியது. மருமகள் அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

“வந்துடுச்சு!” என்றார் பழுது பார்ப்பவர். “பாருங்க, பைல் அப்படியே இருக்கு.”

திரையில் அம்மாள் தெரிந்தாள். கழுத்தில் துணி இல்லை. கணீரென்ற அந்தக் குரல் கடையை நிறைத்தது. அவன் சின்ன வயதில் முதல் சம்பளம் என்று கோலிக்குண்டு கொண்டுவந்து கொடுத்த கதையைச் சொல்லி, தானே சிரித்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“போதுமே, மீதியை வீட்டுல பார்த்துக்கலாம்,” என்று மனைவி பதறினாள்.

“ஒரு சொல்லுகூட விடமாட்டேன். ஓடட்டும்.”

திரைக்குள் போன் மணி அடித்தது. ‘பேசிட்டே இரும்மா, இதோ வந்துடறேன்’ என்ற அவன் குரல். கதவு சாத்தும் சத்தம். அம்மாள் கேமராவை விட்டுப் பார்வையைத் திருப்பினாள்.

“போயிட்டானா? இங்க வாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

ஈரக்கையைத் துடைத்தபடி மனைவி திரைக்குள் வந்து நின்றாள். “சொல்லுங்கத்தை.”

“நாளைக்கு எனக்கு ஏதாவது ஆயிட்டா, இதை அவன்கிட்ட குடு. ஆசை தீரக் கேட்கட்டும். ஆனா குரல் மட்டும் போய் நான் திரும்பி வந்துட்டேன்னு வை, இவன் இதையே கட்டிக்கிட்டு உக்காந்துடுவான். எதிர்ல இருக்கிற என் மூஞ்சியை ஏறெடுத்துப் பார்க்கமாட்டான்.”

“அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு அத்தை.”

“திட்டினா எனக்காக வாங்கிக்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே, உடைஞ்சு போயிடுவான்.”

அவன் மெல்லத் திரும்பி, மனைவியை நிமிர்ந்து பார்த்தான். திரையில் அம்மாள் மருமகளின் கன்னத்தைத் தட்டினாள்.

“நான் பொழைச்சு வந்தா, இதை அழிச்சிடும்மா.”