எறும்புப் புத்துக்கு முழு மார்க்

அநியாயத்தைக் கண்டா பொங்குற கூட்டம்தானே நீங்க? ஃபோன்ல மட்டும். டாக்டருக்குப் படிக்கிற நம்ம குக்கர் நேர்லயே பொங்குவான். அந்தப் பேரே அதனாலதான் வந்துச்சு.

அன்னிக்கு லேப்ல ஜன்னலோர மைக்ராஸ்கோப்புல மேடம் ஒரு ஸ்லைடு வெச்சிருந்தாங்க. கருவுல மண்டை எலும்பு உருவாகுறது. ஒவ்வொருத்தரா போய்ப் பாத்து ரெக்கார்டுல வரையணும். மேடம் கையெழுத்து விழலேன்னா பரீட்சையே எழுத முடியாது.

குக்கர் வரைஞ்சது காலண்டர் படம் கெட்டுது போங்க. ரோஸ் பென்சில்ல எலும்பு. ஓரத்துல அதைக் கட்டுற செல்லுங்க, ஊதாவுல, கொத்தனாருங்க வரிசைகட்டி நிக்கிற மாதிரி. மொத்த கிளாஸும் அப்படித்தான் வரைஞ்சிருந்துச்சு.

எல்லாருக்கும் முட்டை.

கடைசி பெஞ்சு மியூட்டுக்கு மட்டும் முழு மார்க். வருஷம் பூரா வாயே திறக்காத பய. அவன் படத்துல எலும்பே இல்ல, வெறும் புள்ளி.

"சொந்தக்காரனா இருப்பான்டா." மியூட்டு காதுல விழட்டும்னே சொன்னான் குக்கர். நீ வரைஞ்சது எலும்பா, எறும்புப் புத்தான்னும் கேட்டான். கிளாஸே சிரிச்சுது. மியூட்டு பென்சில் சீவிக்கிட்டிருந்தான்.

குக்கர் நேரா மேடம் மேசைக்கே போயிட்டான். கண்ணு பூத்துப்போக பாத்து வரைஞ்சிருக்கோம், அச்சு அசல் புக்குல இருக்கற மாதிரியே இருக்கு, இதுக்கு முட்டைன்னா எந்த ஊர் நியாயம்னு குதிச்சான். பின்னாடி கிளாஸே ஆமாம் போட்டுச்சு.

"வா தம்பி. இப்போ பாரு"ன்னாங்க மேடம்.

குனிஞ்சான். எலும்பும் இல்ல, கொத்தனாரும் இல்ல. நார் நாரா சவ்வு. அதுல அங்கங்க புள்ளி புள்ளியா செல்லுங்க கூடி நிக்குது.

"மண்டை எலும்பு முதல்ல இப்படி மெத்துனு சவ்வாத்தான் இருக்கும். இந்தச் செல்லுங்க இனிமேதான் கட்டவே ஆரம்பிக்கும். நீங்க போட்ட புக்குப் படம் அதுக்கு அடுத்த கட்டம். இதுல யார் யார் குனிஞ்சு பாத்தீங்க?"

ஆமாம் போட்ட கிளாஸ் மொத்தமும் ரெக்கார்டை மூடுச்சு.

எழுந்தவன் மியூட்டுதான். "மேடம், நான் பாத்து முடிச்சதும் பல்பு போயிடுச்சு. பாவம், இவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

ஜம்முனு எரிஞ்சுக்கிட்டிருந்த பல்பை மேடம் ஒரு பார்வை பாத்தாங்க. பல்பு கோளாறுன்னா எல்லாரும் திரும்ப வரையலாம், கையெழுத்துப் போடறேன்னாங்க. அப்புறம் குக்கர் பக்கம் திரும்பி, அப்படியாப்பான்னு கேட்டாங்க.

குக்கர் திரும்பி மியூட்டைப் பாத்தான்.

"பல்பு எரிஞ்சுச்சா இல்லையான்னே தெரியாது மேடம். நான் அந்தப் பக்கமே போகல."